கப்பலிலேயே இருப்பதா, கரை இறங்குவதா?

செமஸ்டர் முடிந்த அன்று விடுதி மொட்டை மாடியில் ஒரு பெரிய சண்டை. என் அறை நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். குடும்பத்தோடு நான்கு நாள் சொகுசுக் கப்பலில் போய்விட்டு வந்தாராம். பினாங்கில் கப்பல் நின்றபோது சித்தியும் பிள்ளைகளும் இறங்கிப் போக, இவர் மட்டும் கப்பலிலேயே தங்கி நீச்சல்குளத்துப் பக்கத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். "காசு குடுத்து பினாங்கு வரைக்கும் போய் தூங்கிட்டு வந்தாராடா?" என்று ஒருவன் கேட்க, "கூட்டமே இல்லாம கப்பல் காலியா இருக்கறதே அந்த ஒரு நாள்தான், உனக்கென்னடா தெரியும்" என்று இவன் சொல்ல, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓயவில்லை.

இந்தப் பயணங்களில் இரண்டு வகை நாள் உண்டு. நாள் முழுக்கக் கரையே தெரியாமல் ஓடும் "கடல் நாள்", ஓர் ஊரில் நிற்கும் "துறைமுக நாள்". எது பிடிக்கும் என்று கேட்டால் போய் வந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நான் ஏறிய ஒரே கப்பல் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுதான், அதில் கடல் நாளெல்லாம் கிடையாது. அதனால் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் சண்டை மண்டையைக் குடைந்தது. தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. இது வெறும் ரசனை விஷயம் இல்லை. கடல் நாள் என்ற ஒன்றைப் பிடிக்க வைத்ததற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

ஆரம்பத்தில் கடலை யாருக்கும் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. 1844-ல் பி அண்ட் ஓ கம்பெனி, எழுத்தாளர் தாக்கரேவுக்கு இலவச டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடல் முழுக்கச் சுற்றிக் காட்டியது. (நம்ம கல்கத்தாவில் பிறந்தவர்தான். ஓசி டிக்கெட் கொடுத்து விளம்பரம் தேடுவது அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்!) லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்ஸ், கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம், கெய்ரோ என்று பெரிய பட்டியல். புறப்பட்டதுமே மனிதருக்குக் கடல் மயக்கம். அவர் போனவை தபால் சுமந்த நீராவிக் கப்பல்கள். அவற்றில் பயணிகளை மகிழ்விக்க என்று தனியாக எதுவும் இல்லை. கடல் என்பது ஊர்களைப் பார்ப்பதற்காகக் கொடுக்க வேண்டிய விலை, அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1867 ஜூன் 8 அன்று குவேக்கர் சிட்டி என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் புறப்பட்டது. கட்டணம் 1,250 டாலர், அந்தக் காலத்தில் அது ஒரு சின்னச் சொத்து. அதில் போனவர்களில் ஒருவர் மார்க் ட்வைன். அவருடைய டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது ஒரு கலிஃபோர்னியா பத்திரிகை. கடல் நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்று அவர் விலாவாரியாக எழுதியிருக்கிறார். மாலையில் ஜெப வேளை, டாமினோ ஆட்டம், மேல்தளத்தில் கட்டம் போட்டு வட்டுகளைக் கோலால் தள்ளும் விளையாட்டு. பிறகு டைரி எழுதுவது. முதல் வாரம் எல்லோரும் விழுந்து விழுந்து எழுதினார்களாம், நாள் போகப் போக ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். (என் டைரியும் ஜனவரி 9-ஆம் தேதியோடு நிற்கிறது. ட்வைன் என்னைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ.)

அந்தக் கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் வந்தபோது அதிகாரிகள், 11 நாள் தனித்திருந்தால்தான் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். காலரா பயம். கேப்டன் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று மறுநாள் கிளம்ப முடிவு செய்தார். தூரத்தில் ஏதென்ஸ் தெரிகிறது, காலை வைக்க முடியாது. ட்வைனும் இன்னும் மூன்று பேரும் இரவில் ஒரு சின்னப் படகில் திருட்டுத்தனமாகக் கரையேறி, வழியில் தோட்டங்களில் திராட்சை திருடித் தின்றுகொண்டே ஏதென்ஸ் வரை நடந்து, நிலா வெளிச்சத்தில் பார்த்தனானைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் கப்பலுக்குத் திரும்பினார்கள். பிடிபட்டிருந்தால் சிறை. துறைமுகக் கட்சிக்கு இதைவிடப் பெரிய ஹீரோ கிடையாது!

கப்பலே சுகமான இடம் என்ற நினைப்பு ஜெர்மனியில் முளைத்தது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த கப்பல் கம்பெனியின் ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு தலைவலி. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வருவதில்லை, பெரிய கப்பல்கள் சும்மா நிற்கும். 1891 ஜனவரி 22 அன்று ஆகஸ்டா விக்டோரியாவில் 241 பேரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பினார், தானும் கூடவே போனார். லாபம் கிடைத்ததும் இதற்கென்றே ஒரு கப்பல் கட்டினார்கள். 1900-ல் நீரில் இறங்கிய பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ். 120 அறைகள், அத்தனையும் முதல் வகுப்பு. உடற்பயிற்சிக் கூடம், புகைப்படம் கழுவ இருட்டறை எல்லாம் உண்டு. துறைமுகத்தில் எடுத்த படத்தைக் கடல் நாளில் கழுவலாம்! ஆனால் 1906 டிசம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்தபோது கலங்கரை விளக்கத்தை மாற்றிக் கணித்துப் பாறையில் ஏறிவிட்டது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். கேப்டன் தன் அறைக்குப் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

ஊரே வேண்டாம், கடல் மட்டும் போதும் என்ற பயணம் முதலில் பெருகியது மதுவிலக்கால். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது தடை. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் எல்லையைத் தாண்டினால் பார் திறக்கலாம். ஆகவே கப்பல் எங்கும் போகாமல் நடுக்கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும், எல்லோரும் தள்ளாடிக்கொண்டே இறங்குவார்கள். நம் ஊரில் எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போவார்களே, அதே தத்துவம்தான்.

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்ததும் பெரிய பயணிகள் கப்பல்களின் கதை முடிந்தது. அப்படிக் கைவிடப்பட்ட எம்ப்ரெஸ் ஆஃப் கனடா என்ற கப்பலை டெட் ஆரிசன் வாங்கி, மார்டி கிரா என்று பெயர் மாற்றி, 1972 மார்ச்சில் மயாமியிலிருந்து கிளப்பினார். கார்னிவல் கம்பெனியின் முதல் பயணம் அது. நூற்றுக்கணக்கான டிராவல் ஏஜெண்டுகளைக் கூட்டிப்போனார்கள், துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே கப்பல் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி. பழைய கப்பல் எண்ணெய்யைக் குடிக்கும், வேகத்தைக் குறைத்தால்தான் கட்டுப்படி ஆகும். மெதுவாகப் போனால் குறைந்த ஊர்களுக்குத்தான் போக முடியும், கடலில் அதிக நேரம் இருக்க வேண்டும். அந்தக் குறையையே கார்னிவல் விற்பனைச் சரக்காக மாற்றியது. ஊர்கள் முக்கியமில்லை, கப்பல்தான் கொண்டாட்டம் என்று "ஃபன் ஷிப்" விளம்பரம் செய்தார்கள். சித்தப்பாவின் தூக்கத்துக்கு அடித்தளம் போட்டது டீசல் கணக்கு என்று சொன்னால் நண்பன் அடிக்க வருகிறான்.

காசு எங்கே போகிறது என்று பார்த்தால் மீதியும் புரியும். துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலான இடங்களில் கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடியிருக்க வேண்டும். பயணி இறங்கிப் போய் ஊர்க் கடையில் சாப்பிட்டால் அந்தப் பணம் ஊருக்கு. கடல் நாளில் ஒவ்வொரு பைசாவும் கப்பலுக்குள்ளேயே. இதற்கு நடுவில் ஒரு தந்திரமும் உண்டு. துறைமுக நாளாகவும் இருக்க வேண்டும், பணமும் வெளியே போகக்கூடாது. 1977-ல் நார்வீஜியன் கம்பெனி பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை வாங்கியது. 1986 முதல் ராயல் கரீபியன், ஹைட்டியின் லபாடியில் வேலி போட்ட கடற்கரையை வைத்திருந்தது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் ஹைட்டியில் லட்சக்கணக்கானோர் இறந்த சில நாட்களிலேயே கப்பல்கள் மறுபடி லபாடிக்கு வந்தன. நிவாரணப் பொருளும் கொண்டு வந்தார்கள், பயணிகள் கடற்கரையில் வெயிலும் காய்ந்தார்கள். அது ஹைட்டியில் இறங்கியதாகுமா? வேலிக்கு அந்தப் பக்கம்தானே ஹைட்டி!

சில நேரம் கடல் நாளைத் தீர்மானிப்பது சட்டம். அமெரிக்காவின் 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி ஓட்ட முடியாது, நடுவில் வேறு நாட்டைத் தொட வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவில் ஒரு நிறுத்தம் போடுவது அதனால்தான். ஹவாய்க்குப் பக்கத்தில் வேறு நாடே இல்லையே? 2000-களின் தொடக்கத்தில் நார்வீஜியன் ஸ்டார் கப்பல் இதற்காக ஏறத்தாழ ஆயிரம் மைல் தெற்கே ஓடி, கிரிபாட்டி நாட்டின் ஃபான்னிங் தீவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஹவாய் பார்க்கப் போனவர்களுக்கு நாலைந்து நாள் வெறும் தண்ணீர்!

இப்போது ஊர்களும் பேச ஆரம்பித்துவிட்டன. 2019-ல் வெனிஸில் ஒரு பெரிய கப்பல் கரையோடு மோதியது. 2021-ல் 25,000 டன்னுக்கு மேற்பட்டவை சான் மார்கோ வழியாக வரக்கூடாது என்று தடுத்தார்கள். அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் நாளுக்கு 5 பெரிய கப்பல்கள்தான். கீ வெஸ்ட் மக்கள் 2020-ல் ஓட்டுப் போட்டுப் பெரிய கப்பல்கள் வேண்டாம் என்றார்கள், மறு வருடமே மாநில அரசு அதைச் செல்லாததாக்கியது. இன்னொரு பக்கம், 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் கப்பலைக் கொரோனா பயத்தில் ஐந்து இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். 2,257 பேர் ஏறக்குறைய இரண்டு வாரம் கடலிலேயே அலைந்து, கடைசியில் கம்போடியாவில் இறங்கினார்கள். கடல் நாள் பிடிக்கும் என்று சொல்பவர்கள்கூட அப்போது கரைக்கு ஏங்கியிருப்பார்கள்.

என் கட்சி எது என்றால், துறைமுகம்தான். ஆனால் பினாங்கில் 3,000 பேர் ஒரே காலையில் இறங்கி மாலைக்குள் ஓடுவதை ஊர் பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வகையில் சித்தப்பா ஒரு ஊருக்காவது தொல்லை கொடுக்கவில்லை. யாரும் கேட்காத மூன்றாவது கட்சியும் உண்டு, கப்பலில் வேலை செய்பவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டுக்காரர்கள். அவர்களுக்குத் துறைமுகம் என்பது வெளியே கால் வைக்கக் கிடைக்கும் சில மணி நேரம், அதுவும் வேலை முறை அமைந்தால்தான்.

கடைசியாக நம்ம ஊர்க் கதை. 1990-ல் நார்டிக் எம்ப்ரெஸ் என்று ஒரு கப்பல் வந்தது, மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு 3, 4 நாள் குட்டிப் பயணம் போவதற்காகவே வடிவமைத்தது. பெயர் மாறி, கைமாறி, கார்டிலியா எம்ப்ரெஸ் ஆகி 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து கிளம்பியது, முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்தார். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வருவதாகத் திட்டம். சூதாட்டம், கலாச்சாரச் சீரழிவு என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதி கிடைக்கவில்லை. மதுவுக்காக நாமெல்லாம் எல்லை தாண்டிப் போகும் அதே புதுச்சேரி! பயணிகள் இறங்காமலே கப்பல் சென்னைக்குத் திரும்பியது. புதுச்சேரிக்கு என்று பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு கடல் நாள். அடுத்த வருடம், 2023 ஜூனில், அதே கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்குப் போய் நின்றது. அங்கே இறங்கவிட்டார்கள்.