அரசாங்க டிஜிட்டல் சேவை (பிரிட்டன்)

அரசாங்க டிஜிட்டல் சேவை என்பது, பிரிட்டிஷ் அரசாங்க இலாகாக்கள் தத்தம் கணினி வேலைகளைத் தனியார் நிறுவனங்களிடம் நெடுங்கால ஒப்பந்தமாக விட்டுவந்த வழக்கத்தை மாற்றி, குடிமக்களுக்கான இணையச் சேவைகளை அரசாங்கமே வடிவமைக்கவும், அவற்றுக்கு வேண்டிய கொள்முதலைச் சிக்கனமாக நடத்தவும் 2011-இல் அமைச்சரவை அலுவலகத்தின் கீழ் நிறுவப்பெற்ற ஸ்தாபனமாகும்.

பின்னணி: அதற்கு முந்தைய காலத்தில் இலாகாக்களின் கணினிப் பணிகள் பெரும்பாலும் ஒருசில பெருநிறுவனங்களின் கைவசம் இருந்தன. வேலையோடு அதைப் பற்றிய அறிவும் வெளியே போய்விட்டபடியால், கேட்கப்படும் விலை நியாயமானதுதானா என்று நிதானித்துச் சொல்லவல்ல நிபுணர்கள் அரசாங்கத் தரப்பில் அருகிப்போயினர். 2002-இல் தேசிய சுகாதார சேவைக்காகத் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டம், நோயாளிகளின் குறிப்பேடுகள் அனைத்தையும் ஒன்றிணைப்பதாக வாக்களித்து, அதை நிறைவேற்ற இயலாமற்போகவே, 2011 செப்டம்பரில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் மொத்தச் செலவு ஆயிரம் கோடி பவுனை நெருங்குமெனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சில இலாகாக்கள் ஒரே ஒரு மேசைக் கணினிக்கு 3,500 பவுன் வரை செலவிடுவதாக 2011 ஜூலையில் பாராளுமன்றக் குழுவொன்றின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

தோற்றம்: 2010-இல் பதவியேற்ற கூட்டணி மந்திரிசபையில் அமைச்சரவை அலுவலகப் பொறுப்பை வகித்த பிரான்சிஸ் மாட் கேட்டுக்கொண்டபடி, இணையத் தொழில்முனைவோரான மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசாங்கத்தின் இணையப் பணிகளை ஆராய்ந்து, சிறு சீர்திருத்தங்கள் போதா, அடியோடு மாற்றமே வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன் பயனாக அமைந்த இச்சேவையின் முதல் இயக்குநர் மைக் பிராக்கன். டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் ஆகிய பழைய தளங்களுக்குப் பதிலாக 2012 அக்டோபர் 17-இல் கவ்.யூகே என்னும் பொதுத்தளம் திறக்கப்பட்டது. அதன் பொதுவிடுமுறைப் பக்கத்தைத் திறப்பவருக்கு, முன்னுரையோ விளம்பரமோ குறுக்கிடாமல், அடுத்த விடுமுறை நாள் பெரிய எழுத்தில் முதலிலேயே தென்படும். வந்தவர் கேட்க நினைத்த வினாவுக்கே முதலிடம் என்னும் இச்சேவையின் கோட்பாட்டுக்கு இது தக்க உதாரணம். 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டுப் பரிசு இத்தளத்துக்கு வழங்கப்பட்டது.

கொள்முதல் விதிகள்: 2012 பிப்ரவரியில், ஜி-கிளவுட் என்னும் ஏற்பாட்டின்கீழ், சிறு நிறுவனங்களும் தம் சேவையையும் விலையையும் பட்டியலிடத்தக்க இணையச் சந்தை ஒன்றை அமைச்சரவை அலுவலகம் தொடங்கியது. 2014 ஜனவரியில் வகுத்த விதிகள் கூறியவை இவை: தவிர்க்கவியலாக் காரணமிருந்தாலன்றிப் பத்துக் கோடி பவுனுக்கு மேற்பட்ட கணினி ஒப்பந்தம் எதுவும் கூடாது. காலம் முடிந்த ஒப்பந்தத்தைத் தானாகவே நீட்டிக்கலாகாது. ஒரு பகுதியில் பல சேவைகளை ஒருங்கிணைக்கும் நிறுவனமே அங்கு அச்சேவைகளை வழங்கவும் கூடாது. மேற்பார்ப்பவரும் மேற்பார்க்கப்படுபவரும் ஒருவரேயானால் கணக்குக் கேட்பார் இல்லாமற்போவர் என்பது இக்கடைசி விதியின் உட்கருத்து.

சிக்கனம்: இணையவழி அலுவலுக்கு, நேரில் நடத்தும் செலவில் ஐம்பதில் ஒரு பங்கும், தபால்வழிச் செலவில் முப்பதில் ஒரு பங்கும், தொலைபேசிவழிச் செலவில் இருபதில் ஒரு பங்குமே செலவாகும் என்று கணக்கிட்ட 2012-ஆம் ஆண்டு டிஜிட்டல் கொள்கை, ஆண்டுக்கு 170 முதல் 180 கோடி பவுன் வரை மிச்சமாகும் என மதிப்பிட்டது. ஆள்குறைப்பு, பொதுக்கொள்முதல், கட்டடச் செலவு ஆகியவற்றையும் சேர்த்து, 2013–14-இல் மொத்தம் 1,430 கோடி பவுன் மிச்சமானதாக அரசாங்கம் அறிவித்தது. இத்தொகையில் கணினிச் சீர்திருத்தத்தின் பங்கு ஒரு பகுதியே.

குறைபாடுகள்: இணைய மாற்றத்துக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்த 25 சேவைகளில் ஒன்றான விவசாய மானியத் திட்டத்தின் தளம் சரிவர இயங்காமையால், 2015 மார்ச்சில் விவசாயிகள் மீண்டும் காகிதப் படிவத்துக்கே திரும்ப நேர்ந்தது, திட்டச் செலவோ 15.5 கோடி பவுனிலிருந்து 21.5 கோடியாக உயர்ந்தது. வெரிஃபை என்னும் ஆள் அடையாளத் திட்டத்தில் 2020-க்குள் இரண்டரைக் கோடிப் பேர் சேர்வர் என்று எதிர்பார்த்திருக்க, 2019 பிப்ரவரி வரை சேர்ந்தோர் 36 இலட்சம் பேரே எனத் தேசியத் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. அத்திட்டம் 2023-இல் மூடப்பட்டது.

பிற்கால நிலை: 2024-இல் இச்சேவை அறிவியல், புத்தாக்க, தொழில்நுட்ப இலாகாவுக்கு மாற்றப்பட்டு, 2025 ஜனவரியில் பிற டிஜிட்டல் பிரிவுகளோடு இணைத்து விரிவாக்கப்பட்டது. அரசாங்க அலுவல்களை முழுமையாக டிஜிட்டல் மயமாக்கினால் ஆண்டுக்கு 4,500 கோடி பவுன் வரை மிச்சப்படுத்தலாம் என்று அப்போது வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. ஆயினும் மதிப்பீடு வேறு, கருவூலத்தில் மிஞ்சும் பணம் வேறு. வாங்கும் பொருளைத் தானே அறிந்து வாங்கும் அரசாங்கத்துக்கே சிக்கனம் கைகூடும் என்பதே இந்நிறுவனத்தின் வரலாறு உணர்த்தும் முடிபு.