மூட்டைப்பூச்சி அல்ல

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. மகளுக்கு எட்டு மாதம். முதுகிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள். குவார்ட்டர்ஸில் மூட்டைப்பூச்சி என்று மெத்தையை மூன்று நாள் வெயிலில் போட்டேன். ஊரிலிருந்து வந்த அம்மா நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற, ஒவ்வொரு புள்ளியும் சிவந்து தடித்தது. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாதே" என்று மருமகளைப் பார்த்தார்.

தோல் மருத்துவர் ஒரு புள்ளியைப் பேனா மூடியால் தேய்த்தார். சில நிமிடத்தில் எழும்பியது. "டேரியர் குறி. இது அர்ட்டிகேரியா பிக்மென்டோசா" என்றார். பி.காம். படித்தவனுக்கு என்ன புரியும்? இரவெல்லாம் தேடிப் படித்தேன்.

1869-இல் லண்டனில் எட்வர்ட் நெட்டில்ஷிப் (பின்னாளில் பெயர்பெற்ற கண் மருத்துவர்) இரண்டு வயதுப் பெண் குழந்தையின் தடிப்பையும், அது விட்டுப்போன பழுப்புக் கறையையும் எழுதிவைத்தார். 1878-இல் சாங்ஸ்டர் பெயர் வைத்தார். காரணம் தெரியாது. அதே 1878-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 24 வயது பால் எர்லிஹ், அனிலின் சாயங்களைப் பற்றிய தன் மருத்துவ ஆய்வேட்டில், துகள்கள் நிறைந்த ஒரு செல்லை விவரித்தார். அதிகம் தின்று கொழுத்தது என்று நினைத்து, ஜெர்மன் மொழியில் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் 'மாஸ்ட்' என்ற சொல்லால் பெயரிட்டார்.

எங்கள் பாஷையில், இரண்டு லெட்ஜரில் டேலி ஆகாமல் கிடந்த இரண்டு என்ட்ரி. 1887-இல் ஹாம்பர்க்கின் பால் உன்னா அந்தப் புள்ளிகளின் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது எர்லிஹின் செல்கள் குவிந்து கிடந்தன. டேலி!

1949-இல் ஒரு வயதுக் குழந்தையின் பிரேதப் பரிசோதனையில் உள்ளுறுப்புகளிலும் அவை இருந்ததைப் படித்தபோது கை நடுங்கியது. மறுநாள் மருத்துவரிடம் ஓடினேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், பருவ வயதுக்குள் மங்கும் என்றார். (நடுராத்திரியில் நோயைப் பற்றிப் படிக்காதீர்கள்.)

1953-இல் ரைலியும் வெஸ்ட்டும் அந்தச் செல்களில் ஹிஸ்டமின் இருப்பதைக் காட்டினார்கள். தேய்த்தாலும் சூடு பட்டாலும் அதுதான் வெளியே கொட்டுகிறது. எண்ணெய்க் குளியல் புரிந்தது. செல் பெருகுவதற்குக் காரணம், 'கிட்' என்ற மரபணுவில் பெரும்பாலும் குழந்தையின் உடலிலேயே புதிதாக நேரும் பிழை. பெற்றோர் வழியாக வருவது அபூர்வம்.

இந்தக் கடைசி வரியை மட்டும் அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன். பதில் இல்லை. மறுநாள் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, குழந்தையை மருமகள் கையில் கொடுத்தார்.