அலுவிகாரை: திரிபிடகம் ஏடேறிய வரலாறு

இலங்கையின் மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், தம்புள்ளை செல்லும் வீதியருகே, பெரும் பாறைகளின் இடையே அமைந்த குகை விகாரை அலுவிகாரை ஆகும். தேரவாத பௌத்தத்தின் மறைநூல் தொகுதியான திரிபிடகமும் அதன் உரைகளும் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக இங்கேயே ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. அதுவரை அவை, தொகுதிக்கொரு குழுவாகப் பிரிந்து மனனம் செய்து ஓதிய பாணகர் என்னும் துறவியரின் நாவிலேயே நிலைத்திருந்தன.

எழுத வேண்டிய நிலை வட்டகாமினி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில் ஏற்பட்டது. அவன் முடிசூடிய சில மாதங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த படையிடம் அரசை இழக்க, தமிழ்த் தலைவர் ஐவர் அடுத்தடுத்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் அநுராதபுரத்தை ஆண்டனர். அதே காலத்தில் நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. துறவியர் பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சியோரில் அறுபதுபேர் இலங்கையின் நடுவிலுள்ள மலய மலைநாட்டில் கிழங்கும் இலையும் உண்டு உயிர்தாங்கி, உட்கார வலுவிருந்தபோது உட்கார்ந்தும், வலுவற்றபோது மணலைக் குவித்து அதன்மேல் தலையோடு தலை சேரப் படுத்தும் சூத்திரங்களை ஓதிக் காத்தனர் என அங்குத்தர நிகாய உரை கூறுகிறது. பஞ்சம் நீங்கியபின் கடல் கடந்து திரும்பிய எழுநூறு துறவியர் தம் பாடத்தை இவர்கள் பாடத்தோடு ஒப்பிட்டபோது ஓர் எழுத்தும் வேறுபடவில்லை என்றும் அவ்வுரை சொல்கிறது. எண்ணிக்கைகளை மரபுவழி எண்களாகக் கொண்டாலும், பஞ்சத்தின் நினைவு துறவியரிடையே எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. நித்தேசம் என்னும் நூலை மனனமாக அறிந்தவர் ஒருவரே எஞ்சியிருக்க, அவரும் ஒழுக்கத்தில் தவறியவராயிருந்தும், நூல் அழிந்துவிடக் கூடாதென்று அவரிடமே பாடங்கேட்டனர் என விநய உரை குறிப்பிடுகிறது. கல்வி முதன்மையானதா, ஒழுக்கப் பயிற்சி முதன்மையானதா என்று அக்காலத்தில் எழுந்த விவாதமும் கல்விக்குச் சார்பாகவே முடிந்தது.

எழுதிய நிகழ்வை இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூல்களான தீபவம்சமும் மகாவம்சமும் ஒரே இரு செய்யுள்களில் சொல்லிச் செல்கின்றன. மக்களின் தளர்வைக் கண்டு, அறம் நெடிது நிலைக்க, துறவியர் கூடி எழுதினர் என்பதற்குமேல் இடமோ புரவலரோ அவற்றில் கூறப்படவில்லை. மாத்தளையின் பெயர் 14ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூலான நிகாய சங்கிரகம் போன்ற பிற்கால ஆக்கங்களிலேயே வருகிறது. மன்னன் கட்டுவித்த அபயகிரி விகாரைக்கும் பழைய மகாவிகாரைக்கும் பகை மூண்டிருந்ததால், மகாவிகாரைத் துறவியர் தலைநகரை விட்டு விலகி இப்பணியை மேற்கொண்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அரசை மீட்ட வலகம்பாவின் இரண்டாம் ஆட்சியைப் பழைய கணிப்புகள் கி.மு. 29–17 என்றும், பிற்காலக் கணிப்புகள் கி.மு. 89–77 என்றும் வகுக்கின்றன. மறைநூலை எழுதக் கூடிய இத்துறவியர் கூட்டத்தைத் தேரவாதிகள் நான்காம் சங்கீதியாக, அதாவது பௌத்தப் பேரவையாக, எண்ணுவர். வட பௌத்த மரபிலோ அவ்வெண் குஷாண மன்னர் கனிஷ்கர் காலக் காஷ்மீரச் சங்கீதிக்கு உரியது.

எழுதுபொருள் தாளிப்பனையின் குருத்தோலை ஆகும். அதை அவித்து உலர்த்தி, வழவழப்பான கமுக மரத்தண்டில் முன்னும் பின்னும் இழுத்துப் பதப்படுத்துவர். எழுத்தாணியால் கீறியபின் கரியும் குங்கிலிய எண்ணெயும் கலந்து பூசி, மிகுந்ததைத் துடைத்தெடுத்தால் கீறல்கள் மட்டும் கருமையாய்த் தெரியும். இம்முறையை விகாரையில் இன்றும் செய்து காட்டுகின்றனர்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் சிங்கள உரைகளை அநுராதபுரத்தில் பாளிக்குப் பெயர்த்தார்; அவரது சிலை அலுவிகாரையில் உள்ளது. அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரையொன்றிலேயே குறிக்கிறார். உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து நூல் இயற்றினார். மாத்தளையோடு இணைத்துப் பேசப்படும் இம்மறைநூல்களின் உரை வரலாற்றில் தமிழகத்துக்கும் உறுதியான இடம் உண்டு.

1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஏட்டுச் சுவடிகள் பிரித்தானியரால் அழிக்கப்பட்டன. இலங்கையில் அரசுப் பணியாற்றிய ரைஸ் டேவிட்ஸ் 1881இல் இலண்டனில் பாளி நூற் கழகத்தை நிறுவியபின் பிடகங்கள் அச்சேறின. விகாரையில் திரிபிடகத்தை மீண்டும் ஓலையில் எழுதும் பணி 20ஆம் நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்டது. 2019 ஜனவரியில் திரிபிடகம் இலங்கையின் தேசிய மரபுரிமையாக இங்கு பிரகடனப்படுத்தப்பட்டது.