மின்னணு நலப்பதிவுகளும் பொதுத் தரங்களும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி ஒருவர் நோயுற்றால் உள்ளூர் அரசு மருத்துவமனைக்குச் செல்வார். நோய் கடுமையானால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லை கடந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பப்படுவார். ஜிப்மர் நடுவண் அரசின் நிறுவனம். மற்றவை தமிழக அரசுடையவை.

நாள் முழுதும் வெயிலில் உழைத்து, போதிய நீர் அருந்தாதவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதைக் காட்டுவது இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு. ஒருவருக்கு அது டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராம், மறு ஆண்டு 1.0, அதற்கடுத்த ஆண்டு 1.2 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் பெரிதாகக் கவலை தராத எண்கள். வரிசையாகப் பார்த்தால் மருத்துவருக்கு ஐயம் எழும். மூன்றும் மூன்று மருத்துவமனைக் கணினிகளில் கிடந்தால் அந்த வரிசை யார் கண்ணிலும் படாது. அலகு வேறுபட்டாலும் குழப்பமே: 1 மில்லிகிராம் என்பது மைக்ரோமோல் கணக்கில் (லிட்டருக்கு) சுமார் 88.

இத்தேவை கணினியோடு பிறந்ததன்று. இறப்புக் காரணங்களை நாடுகள் ஒரே பெயரால் குறிக்க 1893-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியோன் தந்த பட்டியலே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் முன்னோடி. மருத்துவமனைக் கணினிகள் செய்தி பரிமாறும் முறையை வகுக்க 1987-இல் அமெரிக்காவில் எச்.எல்.7 அமைப்பு தோன்றியது. இந்திய அரசு மின்னணு நலப்பதிவுத் தரங்களை 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியது. நோய்ப் பெயர்களுக்கு ஸ்நோமெட், ஆய்வகச் சோதனைகளுக்கு லாயின்க் என்னும் குறியீடுகள் அதில் இடம்பெற்றன.

தமிழகத்தில் கணினிப் பதிவு முன்னரே வந்துவிட்டது. உலக வங்கி உதவியுடன் 2005-இல் தொடங்கிய சுகாதாரத் திட்டம் அரசு மருத்துவமனைகளைக் கணினிமயமாக்கியது. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி பதிவு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோரை வீட்டிலேயே கண்டு பதிகிறது. ஒவ்வொன்றும் தன் வேலைக்கெனத் தனியே எழுந்தது.

ஒரே ஆளை எங்கும் அடையாளம் காண்பதும் எளிதன்று. தந்தை பெயரின் முதலெழுத்தோடு பதிந்த பெண், மணமானபின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு வருவார். கணினிக்கு அவர் இருவர். இதற்காகவே 14 இலக்க நல அடையாள எண் வந்தது. அதற்கான தேசியத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15-இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகவும், 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுதும் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல், சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே இருந்த வசதி மரக்காணத்தை எட்டவில்லை.

எண் பதிவு யாருடையது என்று சொல்லும். உள்ளே இருப்பதைப் புரியவைக்காது. ஆய்வகத் தாளைப் படம்பிடித்து ஏற்றினால் மருத்துவர் படிக்கலாம். குறியீடும் அலகும் சேர்த்துப் பதியாதவரை, கணினி 0.8-ஐயும் 1.2-ஐயும் அருகருகே வைத்துக் காட்டாது.