செய்யுளில் வாழ்ந்த நிலவளவை

அச்சுப் பாடநூல்கள் பரவுவதற்கு முன்னர், வடிவங்களின் அளவையைக் கற்பிக்கத் தமிழர் கையாண்ட கருவிகளுள் ஒன்று செய்யுள். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' இதற்குத் தக்க சான்று. பொன், நெல், நிலம் முதலியவற்றின் கணக்குகளை அது பாவடிவில் உரைக்கிறது.

வட்ட நிலத்தின் பரப்பறிய அந்நூல் கூறும் விதி எளியது: சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்குதல். விட்டம் 14 கோல், சுற்றளவு 44 கோல் எனின், 22ஐ 7ஆல் பெருக்க 154 குழி. இரண்டையும் கயிற்றால் அளந்தவர்க்கு வட்ட விகிதத்தின் மதிப்புத் தேவைப்படுவதில்லை. அவ்விதியை நினைவில் நிறுத்தத் துணைநின்றது எதுகை. வட்டமும் விட்டமும் இயல்பாகவே எதுகைச் சொற்கள் அல்லவா? மேலும், மனப்பாடத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஓசை அதனைக் காட்டிக்கொடுக்கும். ஏடு செல்லரித்தாலும் விதி நாவில் வாழும்.

1998இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இந்நூலைப் பதிப்பித்தது. ஆயினும் இலக்கிய வரலாறுகளில் இத்தகைய நூல்கள் பெற்ற இடம் சிறிதே. இவற்றில் கவிநயம் குறைவு என்பது மெய்யே. எனினும் யாப்பு, அழகுக்கு மட்டுமன்றி அறிவைக் காக்கவும் பிறந்தது. உழவரின் நிலத்தை அளக்க உதவிய வெண்பாவை விலக்கி எழுதப்படும் யாப்பு வரலாறு குறையுடையதே ஆகும்.