வலிக்கு அளவுகோல் வந்த வரலாறு

"ஒண்ணுமில்ல தாயி, வயசாயிட்டுல்லா! முட்டு வலிக்கத்தான் செய்யும்." ஏரல் வட்டாரத்து ஆச்சிமாரிடம் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். அதைக் கேட்டுவிட்டு நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் அந்த வலி சார்ட்டில் ஏறாது. எழுதாத வலிக்கு மருந்தும் இல்லை.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. வலிக்கோ நோயாளியின் வாய்ச்சொல்லே கருவி. இதை மருத்துவ உலகம் ஏற்க நெடுநாளாயிற்று. அதில் செவிலியர் பங்கு பெரிது. இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகுவலியால் அப்பணியை விட்டு, 1957-இல் மருத்துவரானார். வலி உடம்போடு நிற்பதில்லை. மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது என்றார். 1968-இல் அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபெரி, நோயாளி வலிக்கிறது என்றால் வலி இருக்கிறது என்றே கொள்ளவேண்டும் என்று வரையறுத்தார்.

1975-இல் கனடாவின் ரொனால்ட் மெல்சாக் 78 வலிச் சொற்களைத் தொகுத்து ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். நம்மூரில் இச்சொற்களுக்குப் பஞ்சமா? குத்து, குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு" என ஒவ்வொன்றும் ஒரு தகவல். எரிச்சல் என்றால் நரம்பையும் கவனிக்க வேண்டும்.

பூஜ்யம் முதல் பத்துவரை எண் சொல்லச் சொல்வது இன்றைய வழக்கம். எண் பிடிபடாத முதியவரிடம் வேலையை வைத்துக் கேட்கலாம்: "ஆத்துல போயி குளிச்சு எத்தன நாளாச்சு ஆச்சி? ராத்திரி தூக்கம் உண்டா?" வலியே இல்லை என்றவர் அப்போது வாய் திறப்பார்.

மறதி நோயால் பேசவியலாதவர்களுக்காக 2003-இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வந்தது. மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண் இடுவர்.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், செவிலியரையும் தொண்டர்களையும் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வலி தணிப்புச் சிகிச்சை வீடு தேடிச் செல்கிறது.

மாணவச் செல்வங்களே! அளவுகோல்கள் இன்னும் பல வரும். ஆனால் "ஒண்ணுமில்ல" என்ற சொல்லுக்குப் பின் இன்னுமொரு நிமிஷம் நின்று கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆச்சி சொன்ன சொல்லை, சொன்னபடியே எழுதிவையுங்கள்.