அவமதிப்பு

'அவ' என்னும் வடமொழி முன்னொட்டுத் தாழ்வைக் குறிக்கும். 'மதி' எண்ணுதலைக் குறிக்கும். ஆகவே ஒருவரைத் தாழ்வாக எண்ணுதலே அவமதிப்பின் மூலப்பொருள். மலேசியாவின் கெடா மாநிலத் தென்கோடியில், செர்டாங் தோட்டப்புறங்களில் நம்மவர் காதில் விழும் மலாய்ச் சொல்லாகிய 'ஹினா'வும் நமது 'ஈன'மும் ஹீனம் என்னும் ஒரே சமஸ்கிருதப் பதத்தின் பிள்ளைகள்; நீதிமன்ற அவமதிப்பைச் சுட்டும் 'பெங்ஹினாஆன் மஹ்காமா' என்ற தொடரின் முதற்சொல்லும் அதனின்றே பிறந்தது.

எண்ணம் எண்ணியவனுக்கே உரியது. இச்சொல்லின் நியாயம் அதுதான். ஆயினும் 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர் எழுதிய ஐந்து கருத்துரைகளை நீதிமன்ற அவமதிப்பாகக் கொண்டு, மலேசியாகினி என்னும் இணைய ஏட்டுக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார். அத்தீர்ப்பு துணைகொண்ட, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் புகுந்த 114ஏ பிரிவு, இடமளித்தவரையே பிரசுரித்தவராக அனுமானித்து, தாம் பிரசுரிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையிலேயே சுமத்துகிறது. தோட்டத்துக் குடிநீர்க் குறையைக் கைப்பேசியில் எழுதி, அயலார் மறுமொழிக்கும் இடந்தரும் செர்டாங் இளைஞனையும் அந்த அனுமானம் தொடரக்கூடும் என்பதே என் கவலை.